மெக்சிகோவின் சுட்ட கதிர்

அடுக்களை அனுபவம்

மும்பையில் ஆனித் திங்களில் மழை இறங்கியதும் தெருமுனைதோறும் கரியடுப்பு தோன்றிவிடுகிறது. விசிறியால் தணலை எழுப்பி, மக்காச்சோளக் கதிரைத் திருப்பித் திருப்பி வாட்டி, பாதி எலுமிச்சம்பழத்தில் உப்பையும் மிளகாய்த் தூளையும் தொட்டுத் தேய்த்துத் தருகின்றனர். இந்தியில் புட்டா என்றும் மராத்தியில் கணீஸ் என்றும் வழங்கும் இப்பண்டத்தைக் குடையின்கீழ் நின்று சுவைக்காத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது.

இக்கதிரின் தாயகமாகிய மெக்சிகோ நாட்டிலும் இது தெருப்பண்டமே. ஆனால் அங்கே அது வேறொரு கோலத்தில் விற்கப்பெறுகிறது. அதனைத் தத்தம் இல்லங்களில் செய்து பார்த்து, கண்ட அனுபவத்தை எழுதியனுப்புமாறு சென்ற திங்கள் இப்பகுதியில் வேண்டியிருந்தோம். மாதுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி முதலிய இடங்களிலிருந்து சகோதரியர் பலரும் சகோதரர் சிலரும் மடல் வரைந்துள்ளனர். அனைவர்க்கும் நம் நன்றி உரியது.

வந்த மடல்களை அடுக்கி வைத்துப் படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அயல்நாட்டுப் பொருள் கிடைக்காமையால் எவருடைய முயற்சியும் கெடவில்லை. ஒரு பொருளுக்குப் பதிலாக மற்றொன்றை இட்டபோது, முதற்பொருள் அங்கே என்ன வேலை செய்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள் வெற்றி கண்டனர். எண்ணிப் பாராதவர்கள் ஏமாந்தனர். ஊர்விட்டு ஊர் வந்து சமைத்து உண்ணும் நம்மனோர்க்கு இஃது ஒரு கதிரளவில் முடியும் செய்தியன்று. ஆதலின் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கதிரின் பிறந்தகம்

மக்காச்சோளம் பிறந்தது தென்மெக்சிகோவில். அங்குள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து உழவர் இதனைப் படிப்படியாகப் பயிராக்கினர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அப்புல்லின் கதிர் விரலளவுதான் இருக்கும். மணிகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இரா. ஒவ்வொரு மணியும் கல் போன்ற ஓட்டினுள் அடைபட்டிருக்கும். அதனை இன்று நாம் கையிற் பிடித்துக் கடிக்கும் கதிராக ஆக்கியது தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிய உழவர் கைகளே. 1492-இல் கொலம்பசு கரீபியத் தீவுகளை அடைந்த பின்னர் இப்பயிர் ஐரோப்பியர் வழியே கடல் கடந்து, நம் நாட்டையும் வந்தடைந்தது.

மெக்சிகோ மக்கள் இளங்கதிரை எலோத்தே என்பர். அசுதெக்கு மக்களின் மொழியாகிய நாவாத்திலிருந்து வந்த சொல் இது. அம்மொழியை இன்றும் அந்நாட்டிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். கதிர் விற்பவர் தள்ளுவண்டியில் வெந்நீர்ப் பானையோ தணலடுப்போ வைத்திருப்பார். வெந்த கதிரின் அடியில் ஒரு குச்சியைச் செருகி, மேலே மயோனைசோ புளித்த பாலேடோ தடவி, உதிர்த்த பாலாடைக்கட்டியிற் புரட்டி, மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து கையில் தருவார். அவர்கள் இடும் பாலாடைக்கட்டி கொத்திஹா எனப்படும். மிச்சோவகான் மாநிலத்துக் கொத்திஹா என்னும் ஊரின் பெயரே அதற்கு வழங்குகிறது. அம்மாநிலத்து உணவுமுறையை முன்மாதிரியாகக் கொண்டே மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010-இல் யுனெசுகோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

இப்பண்டத்தில் மெக்சிகோவுக்கே உரியவை கதிரும் மிளகாயும் ஆகிய இரண்டுதாம். 1521-இல் அசுதெக்குத் தலைநகர் இசுபானியர் கைக்கு வீழ்ந்த பின்னரே பசுவும், பாலேடும், பாலாடைக்கட்டியும் அங்கே வேரூன்றின. மயோனைசு ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு. எலுமிச்சையோ ஆசியாவிலிருந்து இசுபானியர் வழியே சென்றது. மெக்சிகோ எலுமிச்சை என்று அமெரிக்கக் கண்டத்தார் போற்றும் சிறு கனியும் நம் வீட்டு ஊறுகாய் எலுமிச்சையும் ஓரினத்தவை. நம் மிளகாய் அங்கிருந்து வந்தது. அவர்கள் எலுமிச்சை நம் பக்கத்திலிருந்து சென்றது. ஆக, குடிபெயர்ந்த பொருள்கள் கூடி அமைந்த பண்டம் இது. மாற்றத்திலேயே பிறந்த பண்டத்தை நாமும் சிறிது மாற்றினால் எவரும் குறை கூறார். அறிந்து மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து.

எந்தக் கதிர்?

நம் கடைகளில் இருவகைக் கதிர்கள் விற்கின்றன. ஒன்று மழைக்காலத்து நாட்டுக் கதிர். மற்றொன்று ஆண்டு முழுதும் கிடைக்கும் இனிப்புச் சோளம். மடல் வரைந்தோரிற் பெரும்பாலார் இனிப்புச் சோளத்தையே வாங்கினர். அயல்நாட்டுப் பண்டத்துக்கு அதுவே ஏற்றது என்று கருதினர் போலும். உண்மை நேர்மாறானது. மெக்சிகோத் தெருக்களில் பெரிதும் விற்பது மாவுச்சத்து மிக்க, இனிப்புக் குறைந்த வெண்கதிரே. கடித்தால் சற்று மென்று உண்ண வேண்டியிருக்கும். அவ்வகையில் நம் நாட்டுக் கதிரே அதற்கு நெருங்கிய உறவு.

செம்பூர்ச் சகோதரி ஒருவர் இரண்டையும் ஒரே நாளிற் செய்து பார்த்து எழுதியுள்ளார். இனிப்புச் சோளத்தைக் குழந்தைகள் விரும்பினராம். ஆயினும் தித்திப்பும், பாலேட்டின் கொழுப்பும் சேர்ந்து இரண்டாவது கதிரை உண்ணவொட்டாமல் திகட்டிற்றாம். நாட்டுக் கதிரோ காரத்தையும் புளிப்பையும் தாங்கி நின்றதாம். அவர் கண்டது சரியே. இனிப்புச் சோளத்தையே விரும்புவோர் எலுமிச்சையையும் உப்பையும் சற்றுக் கூட்டிக்கொள்க.

எக்கதிராயினும் பறித்த நேரம் முக்கியம். கதிரைச் செடியிலிருந்து ஒடித்த நொடி முதல் மணியிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வெயிலில் கிடந்தால் மாற்றம் விரையும். மேலுறை பசுமையாகவும், நுனிக் குஞ்சம் பழுப்பேறியும் ஈரம் வற்றாமலும் இருத்தல் நன்று. மணியை நகத்தால் அழுத்தினாற் பால் தெறிக்க வேண்டும். கடையில் எல்லாக் கதிர்களையும் உரித்துப் பார்த்துப் போட்டுவிட்டு வருவது விற்பவர்க்கு நட்டம். நுனியை விரலால் தடவினாலே மணி நிரம்பியுள்ளதா என்பது தெரியும். வாங்கிய அன்றே சமைத்துவிடுதல் வேண்டும்.

அடுப்பும் தணலும்

முற்றிய நாட்டுக் கதிரை நேரே எரிவாயு அடுப்பில் வாட்டிய இல்லங்களில் மேல் கருகி உள் வேகாமற் போயிற்று. தெருவில் விற்பவரின் தணல் நிதானமாக எரிவது. எரிவாயுச் சுடரோ ஓரிடத்திலேயே பாய்வது. இவ்வேறுபாட்டை உணர்ந்த முலுண்டு அன்பர் ஒருவர், கதிரை முதலிற் குக்கரில் ஒரு விசில் வரும்வரை வேகவிட்டு, ஈரம் துடைத்து, சப்பாத்தி வாட்டும் கம்பித் தட்டின்மேல் வைத்து, ஐந்தாறு நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டாராம். ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்ததும் எடுத்துவிட்டார். இதனினும் எளிய வழி நமக்குத் தோன்றவில்லை. இனிப்புச் சோளத்துக்கு முன்வேக்காடு வேண்டுவதில்லை. சிறு தீயில் எட்டு அல்லது பத்து நிமிடம் வாட்டினாற் போதும்.

ஈரம் துடைத்தலை எளிதாக எண்ணற்க. நீர் சொட்டும் கதிரில் மணம் ஏறாது, மேற்பூச்சும் ஒட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தணலின் மணம் வேண்டி, கண்ணாடியிட்டு அடைத்த பால்கனியில் கரியடுப்பு மூட்டிய செய்தி ஒரு மடலில் உள்ளது. நல்லூழாக அவ்வீட்டில் தலைவலியோடு தீங்கு நின்றது. கரி எரியுங்கால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த இடத்தில் ஆளையே மாய்க்க வல்லது. சாளரம் ஒன்றைத் திறந்து வைத்தோம் என்பது காப்பாகாது. கரியடுப்பைத் திறந்த வெளியில் அன்றி எங்கும் மூட்டலாகாது. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு எரிவாயுச் சுடரும் கம்பித் தட்டுமே போதும்.

பூச்சும் பாலாடைக்கட்டியும்

மயோனைசு என்பது எண்ணெயையும் முட்டைக் கருவையும் புளிப்பையும் அடித்துக் கூட்டிய குழைவு. அதன் வேலை இரண்டு: மணிகளுக்கிடையே கொழுப்பை நிறுத்துதல், மேலே தூவும் பொருளைப் பற்றிக்கொள்ளுதல். முட்டை உண்ணாத இல்லங்கள் நம்மிற் பல. கடைகளில் முட்டை சேராத மயோனைசும் கிடைக்கிறது. அதனை விரும்பாத மாதுங்கா இல்லத்தரசி ஒருவர், புளித்த தயிரைத் துணியிற் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அக்கட்டித் தயிரோடு பாலேட்டைக் கலந்து தடவினார். மெக்சிகோவின் புளித்த பாலேட்டுக்கு இஃது ஏறக்குறைய இணை. அவர் மாமியார் இரண்டு கதிர் உண்டதே சான்று.

தொங்கவிடாத தயிரைத் தடவிய வேறிரு வீடுகளிலோ பூச்சு முழங்கை வழியே வழிந்ததாம். தயிரைத் தேர்ந்ததிற் குறையில்லை. நீரை வடிக்காமையே குறை. மயோனைசு தடவிய கதிரை மீண்டும் சுடரிற் காட்டிய வீட்டில் எண்ணெய் பிரிந்து தீ சீறிற்று. அக்குழைவு வெப்பத்தில் உடையும். கதிர் அடுப்பைவிட்டு இறங்கிய பின்னரே தடவ வேண்டும். வீட்டிலேயே பச்சை முட்டையில் மயோனைசு அடிப்போர் அதனை மும்பைப் புழுக்கத்தில் வெளியே வைத்திருத்தல் ஆகாது. நோய்க்கிருமி பெருக இடமாகும்.

மடல்களில் மிகுதியும் பேசப்பெற்றது பாலாடைக்கட்டியே. கொத்திஹாவின் இயல்புகள் மூன்று: உருகாது, உதிரும், உப்பு மிக்கது. கடையில் விற்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியைத் துருவி இட்டவர்களுக்கு அது கதிரின் சூட்டில் இளகிப் பசையாயிற்று. பனீரை உதிர்த்து இட்டவர்களோ, தோற்றம் சரி, சுவை சப்பென்றிருந்தது என்று எழுதினர். பனீரும் உருகாதது, ஆகவே மூன்றில் ஒன்று கைவந்தது. எஞ்சிய இரண்டையும் நாம் தேட வேண்டும். டோம்பிவிலிச் சகோதரி ஒருவர் அதற்கு வழி கண்டார். பனீரை உதிர்த்து, உப்பிட்டுப் பிசறி, துணியில் முடிந்து, அம்மிக்குழவியை மேலே ஏற்றி ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தார். காலையில் நீர் வடிந்து, உப்பேறி, மணல்போல் உதிர்ந்தது. விலையுயர்ந்த அயல்நாட்டுக் கட்டியை நாடாமல் வீட்டுக் குழவியாலே காரியத்தை முடித்த அவரைப் பாராட்டுகிறோம்.

காரமும் புளிப்பும்

காசுமீர மிளகாய்த் தூளை வெறுஞ்சட்டியில் மணம் வருமளவு வாட்டி, காரத்துக்குக் குண்டுமிளகாய் சிறிது பொடித்துச் சேர்த்தல் நன்று. வாட்டாத தூள் நெடியடிக்கும். சாம்பார்ப் பொடி தூவிய ஓர் இல்லத்தார், கதிரை உண்டபோது குழம்பு கொதிக்காத நினைவு வந்தது என்று எழுதினர். பொடியிலுள்ள மல்லியும் பருப்பும் கொதியில்தான் பக்குவப்படும், தூவுதற்கு உரியவையல்ல. கருப்புப்பு சேர்த்த வேறோர் இல்லத்திற் பண்டம் முழுதும் புட்டாவின் மணத்துக்கே திரும்பிவிட்டது. அங்கிருந்த பாட்டி, “இது நம் தெரு புட்டாதானே? இதற்கு ஏன் இத்தனை பட்டாடை?” என்று கேட்டாராம். அவர் கேள்வி நியாயமானதே.

எலுமிச்சையை எப்போது பிழிவது என்பதிலும் பலர் இடறினர். தெருவிற் கண்ட வழக்கப்படி முதலிலேயே தேய்த்தவர்களின் பூச்சு வழுக்கிக் கீழே விழுந்தது. முதலிற் பூச்சு, அடுத்துப் பாலாடைக்கட்டி, அதன்மேல் மிளகாய், இறுதியில் எலுமிச்சை என்ற வரிசை மாறலாகாது.

இட்லி மிளகாய்ப் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்துக் கதிரில் தடவி, இதுவும் நன்றாகவே இருந்தது என்று இளைஞர் ஒருவர் எழுதியுள்ளார். நாமும் உடன்படுகிறோம். ஆனால் அதனை மெக்சிகோக் கதிர் என்னாமல், மிளகாய்ப்பொடிக் கதிர் என்றே வழங்குக. புதிதாகப் பிறந்ததற்குப் புதுப்பெயர் இடுவதே இரு பண்டங்களுக்கும் மதிப்பு.

நான்கு கதிர்க்கு அளவு

இளம் நாட்டுக் கதிர் 4, நீர் வடித்த தயிர் 3 மேசைக்கரண்டி, பாலேடு 2 மேசைக்கரண்டி, மேலே கூறியவாறு உப்பிட்டு வடித்த பனீர் 75 கிராம், வாட்டிய மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, கொத்தமல்லித் தழை சிறிது. தயிரையும் பாலேட்டையும் குழைத்து, சுட்ட கதிர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கையில் மெல்லிதாகத் தடவுக. தட்டிற் பரப்பிய பனீரிற் புரட்டி, மிளகாய்த் தூளும் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து உடனே பரிமாறுக. பனீரில் உப்பு இருத்தலால் பூச்சில் தனியே உப்பு வேண்டா.

பல் இல்லாத முதியோரும் பால்பல் குழந்தையும் கதிரைக் கடிக்க மாட்டார். அவர்களுக்கும் மெக்சிகோவிலேயே வழி உண்டு. மணிகளை உதிர்த்து வேகவைத்து, இதே பொருள்களைக் கலந்து கிண்ணத்தில் இட்டுக் கரண்டியோடு தருவர். அதற்கு எஸ்கித்தெஸ் என்று பெயர். இனிப்புச் சோளமாயின் மணி மென்மையாக இருத்தலால் இதற்கு ஏற்றது. சிறு குழந்தைகட்கு மணியைச் சற்று மசித்துத் தருதல் காப்பு. வீட்டில் ஒருவரும் தட்டின்றி அமர்ந்து பிறர் உண்பதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அறிவையும் உடன் கொணர்க

மாற்றத்தைப் பற்றி இத்தனை கூறிய நாம், அறியாமல் விட்டுவிட்டதால் நேர்ந்த பெருங்கேடு ஒன்றையும் கூற வேண்டும். அதுவும் இதே மக்காச்சோளத்தின் வரலாறே.

இளங்கதிரைச் சுட்டு உண்ணும் மெக்சிகோ மக்கள், முற்றிக் காய்ந்த மணியை மட்டும் அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டுக் கழுவிய பின்னரே அரைத்து ரொட்டி தட்டுவர். தொன்றுதொட்டு வந்த வழக்கம் இது. இதனால் மேல்தோல் கழல்வதோடு, மணியில் உடலுக்கு எட்டாமற் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் விடுபடுகிறது. ஐரோப்பியர் மணியைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். சுண்ணாம்புப் பக்குவத்தை ஏற்றிச் செல்லவில்லை.

விளைவு கொடியதாயிற்று. மக்காச்சோளமே உணவாக வாழ்ந்த ஏழைகள் பெல்லக்ரா என்னும் நோயில் தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு மயங்கி மாண்டனர். இசுபானியாவில் 1735-இல் காசுபார் காசால் என்னும் மருத்துவர் இந்நோயைக் கண்டு குறித்தார். இத்தாலியிலும், பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களிலும் அது பரவிற்று. தொற்றுநோய் என்றே பலர் கருதினர். உணவுக் குறையே காரணம் என்று ஜோசப் கோல்டுபெர்கர் 1915-இல் சோதனையால் காட்டினார். 1937-இல் கான்ராட் எல்வெஜெம் என்பவர் அக்குறை நியாசினே என்று நிறுவ வழி திறந்தார். மணி குடிபெயர்ந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரே விட்டுவந்தது இன்னதென்று உலகம் அறிந்தது.

எப்போதேனும் சுட்டு உண்ணும் இளங்கதிரால் இத்தகைய தீங்கு எதுவும் இல்லை; அன்பர்கள் அஞ்ச வேண்டா. பலவகை உணவும் கலந்து உண்ணும் நம் இல்லங்களுக்கு இந்நோய் பற்றிய கவலையும் இல்லை. நாம் இங்கே காண்பது வேறு. பொருளைக் கொண்டுவருதல் எளிது. அப்பொருளைப் பக்குவப்படுத்திய கை அறிந்திருந்ததையும் கேட்டுக் கொண்டுவருதலே அரிது.

இவ்வூருக்கு முன்னமே வந்த நம் பாட்டிமார் இதனை அறிந்திருந்தனர். இங்குள்ள பச்சரிசியில் இட்லி கல்லாகிறது என்று கண்டதும், புழுங்கலரிசியைத் தேடிப் பல கடை ஏறி இறங்கினர். அதே கைகள், கறிக்கு ஊர்க்காய் கிடைக்காதபோது இவ்வூர்க் காயை வருத்தமின்றி ஏற்றுக்கொண்டன. எதற்குப் பிடிவாதம் வேண்டும், எதற்கு வேண்டா என்ற அத்தெளிவு ஏட்டில் எழுதப்பெறவில்லை; அடுப்படியில் அருகே நின்ற பெண்களுக்கே கிட்டிற்று. இன்று அருகே நிற்க நேரமின்றி வளரும் நம் மக்களுக்கு அதனை வாய்திறந்து கூறுவது நம் கடமை. ஆண் பிள்ளைகளையும் உடன் நிறுத்திக் கூறுக. தாளிக்கையில் கடுகு ஏன் முதலில், பெருங்காயம் ஏன் பின்னர் என்று ஒரு நாள் கேட்டால், “அப்படித்தான்” என்று மட்டும் விடை கூறாதிருப்போம்.

அடுத்த திங்கள் இப்பகுதிக்குரிய பொருள்: ஊரை விட்டு வந்தபின் உங்கள் இல்லத்துச் சமையலில் மாற்றிக்கொண்ட ஒன்றும், மாற்ற மறுத்த ஒன்றும், ஒவ்வொன்றுக்கும் காரணமும். சுருங்க எழுதுக, அளவுகளைத் தவறாது குறிப்பிடுக. மழை ஓய்வதற்குள் நாட்டுக் கதிரையும் ஒருமுறை வாங்கிச் சுட்டுப் பார்க்க.